சுருங்கினால்தான் சோறு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது ஆர்டர், தரம், விலை எல்லாவற்றையும் கவனிக்கிற ஆள். 17 வருடமாக ஒரே வேலை. வயது 41. அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சின்ன வயதில் அவர் பையில் போட்டுக் கொண்டுவரும் கட்டிங் வேஸ்ட்டைத் திரித்துப் பொம்மை செய்வேன். லாக்டவுன் சமயத்தில், கம்பளியைக் குத்திக் கெட்டியாக்கும் ஃபெல்ட் ஊசியும் கொஞ்சம் மெரினோ கம்பளியும் வரவழைத்தேன். அன்றிலிருந்து தினமும் ராத்திரி, பிள்ளைகள் தூங்கியபிறகு, ஊசியால் குத்திக் குத்திக் குருவி, அணில், யானை என்று செய்துகொண்டிருக்கிறேன். ஒரு குருவி 400 ரூபாய்க்குப் போகிறது. இதுவரை 60 குருவி விற்றுவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டு இதில் முழுதாக இறங்கலாம் என்று ஆசை. சித்திரையில் ராஜினாமா கொடுக்க நினைக்கிறேன். மூன்று விஷயம் தடுக்கிறது. ஃபெல்ட் செய்து ஒரு குடும்பம் சாப்பிட முடியுமா? உங்களைப் போன்ற ஃபெல்ட் கலைஞர்கள் வாழ்நாள் முழுக்க இதிலேயே இருந்தவர்கள் என்று பத்திரிகையில் படித்தேன். 41 வயதில் தொடங்கும் எனக்கு அது வாய்க்குமா? மூன்றாவது என் வீட்டுக்காரர் கேட்பது: “இந்த வெயிலில் கம்பளியை எவன் வாங்குவான்?” அவருக்கு என்ன பதில் சொல்ல?

கோ., திருப்பூர்

*

அன்புள்ள கோ.,

முதலில் அந்தப் பத்திரிகைச் சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன். “சிறுவயது முதலே கம்பளியோடு வாழ்ந்தவர்” என்று என்னைப் பற்றிப் போட்டிருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல்லில். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கம்பளி, தாத்தா காசிக்குப் போனபோது வாங்கிவந்த போர்வை. பீரோ மேல்தட்டில் வசம்பு வாசனையோடு கிடக்கும். பிள்ளைகள் தொட்டால் அடி விழும். கம்பளியோடு நான் வாழ்ந்த லட்சணம் அவ்வளவுதான்.

கல்யாணமான மறுவருஷம், 1984இல், கணவருக்கு ஸ்ரீநகருக்கு மாற்றலானது. மத்திய அரசு வேலை. நவம்பரில் போய் இறங்கினோம். வீட்டுக்கார அம்மாள் எங்கள் அறையில் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து போட்டார்கள். வெள்ளைக் கம்பளத்தின் மேல் சங்கிலித் தையலில் பூவேலை. நான் தையல் டிப்ளமா முடித்தவள், அதனால் கை சும்மா இருக்காது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாவும் இல்லை, ஊடையும் இல்லை. பின்னலும் இல்லை. நூலே இல்லாமல் ஒரு துணி! நெய்யாமல், கம்பளியை அழுத்தியே செய்கிற ஃபெல்ட் அது. அந்த விரிப்பின் பெயர் நம்தா என்றார்கள்.

அப்புறம் பழைய நகரத்தில் ஒரு பட்டறையில் அதைச் செய்வதைப் பார்த்தேன். நாணல் பாயில் சிக்கெடுத்த கம்பளியைப் படலம் படலமாகப் பரப்பி, சோப்புத் தண்ணீரைத் தெளித்து, அழுத்தி, பாயோடு சுருட்டி, இரண்டு ஆட்கள் காலால் உருட்டி மிதித்துக்கொண்டே இருந்தார்கள். பிரித்தபோது விரிப்பாகிவிட்டிருந்தது. மூன்று குளிர்காலம் அங்கே இருந்தேன். ஒருநாளும் கம்பளியைக் கையில் எடுத்து நானே செய்து பார்த்ததில்லை. “பார்த்தேன்” என்பதோடு சரி. 1987இல் மதுரைக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். அடுத்த 14 வருடம் ஃபெல்ட் என்ற நினைப்பே இல்லை. பிள்ளைகள், பள்ளிக்கூடத் தையல் டீச்சர் வேலை, 1996இல் கொடைக்கானலுக்கு மாற்றல். வாழ்நாள் பாதை என்கிறார்களே, அதில் இந்த 14 வருடத்தை எங்கே வைப்பது?

2001இல் கணவருக்கு மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். புது வாஷிங் மெஷினில், சூடு தண்ணீர் பட்டனை யாரோ அழுத்திவிட்டார்கள். (யார் என்று இன்றுவரை வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.) வெளியே எடுத்தால் ஐந்து வயதுப் பையன் போடும் அளவுக்குச் சுருங்கி, அட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. அழுகை வந்தது. ஓரத்தைக் கத்தரித்துப் பார்த்தேன். நூல் பிரியவில்லை. அந்த நிமிஷம்தான் ஸ்ரீநகர் விரிப்பு ஞாபகம் வந்தது. அந்த ஸ்வெட்டரை வெட்டிக் கைப்பை தைத்தேன். என் முதல் ஃபெல்ட் ஒரு விபத்து. அப்போது எனக்கு வயது 40. உங்களைவிட ஒரு வயது இளையவள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்று. 17 வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டு, கட்டிங் வேஸ்ட் பொம்மையில் உங்கள் பாதையைத் தொடங்குகிறீர்கள். அழகான ஆரம்பம்தான். ஆனால் உங்கள் மூலதனம் பொம்மையில் இல்லை, அந்த 17 வருடத்தில் இருக்கிறது.

ஷ்ரிங்கேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் துணி 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் வாங்குகிற கம்பெனியிடம் பேச்சுக் கேட்க வேண்டும், சில சமயம் ஆர்டரே போய்விடும். அதற்காகவே துவைத்துப் பார்க்கிறீர்கள், அளந்து பார்க்கிறீர்கள், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கும் கட்டரால் வட்டமாக வெட்டி எடை போடுகிறீர்கள். எனக்கு நேர்மாறு. 40 சதவீதம் சுருங்கினால்தான் சோறு. ஆனால் செய்யும் வேலை அதேதான்: துவைப்பதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதிவைப்பது.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். 30 செ.மீ. நீளமுள்ள செருப்பு வேண்டும், 40 சதவீதம் சுருங்கும் என்றால் எவ்வளவு நீளத்தில் அச்சு வெட்ட வேண்டும்? 30ஓடு 40 சதவீதத்தைக் கூட்டி 42 என்று வெட்டினேன். செருப்பு 25 செ.மீ.தான் வந்தது. 50 என்று வெட்டியிருக்க வேண்டும். 50இல் 40 சதவீதம் போனால்தான் 30 மிஞ்சும். இந்தக் கணக்கு தையல் டீச்சருக்கு உறைக்க ஏழு ஜோடிச் செருப்பு பிடித்தது. உங்களுக்கு அரை நிமிஷம் பிடிக்காது.

ஏன் சுருங்குகிறது என்று வகுப்புக்கு வரும் எல்லாரும் கேட்பார்கள். கம்பளி இழையின் மேல் ஓட்டுக்கூரை அடுக்கினாற்போலச் செதில்கள் இருக்கின்றன. எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்தவை. அதனால் இழை வேர்ப் பக்கமாகச் சுலபமாக நகரும், எதிர்ப்பக்கம் நகராது. வெந்நீரும் சோப்பும் இழையை இளக்கி வழுக்க விடுகின்றன. தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு இழையும் ஒரே திசையில் ஊர்ந்து அடுத்ததற்குள் புகுந்துகொள்கிறது, திரும்பி வர முடிவதில்லை. அது நெருங்க நெருங்கத் துணி சுருங்குகிறது, கெட்டியாகிறது. பருத்தியில் இந்தச் செதில் கிடையாது. அதனால்தான் உங்கள் ஊர்ப் பஞ்சை எவ்வளவு மிதித்தாலும் அது ஃபெல்ட் ஆகாது. காஷ்மீரில் செலவைக் குறைக்க நம்தாவில் பருத்தியைக் கலந்தார்கள். கொஞ்சம் கலந்தால் தாங்கும். கூடக் கூட விரிப்பு தொளதொளத்து, பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவரும். நம்தாவின் பெயர் கெட்டதில் இந்தக் கலப்புக்கும் பங்குண்டு.

எல்லாக் கம்பளியும் பிடித்துக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து மூன்று கிலோ வெள்ளைக் கம்பளி வந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது. ராத்திரி பத்து மணிவரை தேய்த்தேன், உருட்டினேன், மேஜையில் ஓங்கி அடித்தேன். சோப்பு நுரைதான் வந்தது. மறுநாள் விசாரித்தால், மெஷினில் துவைத்தாலும் சுருங்காமலிருக்க செதிலை ரசாயனத்தால் மழுக்கிப் பூச்சும் கொடுத்த ரகம் அது. ஸ்வெட்டர் பின்னுகிறவருக்கு வரம், எனக்குச் சாபம். மூன்று கிலோவும் தலையணைக்குள் போனது. அன்றிலிருந்து புதுக் கம்பளி எது வந்தாலும் முதலில் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் வெந்நீரும் சோப்பும் விட்டு உருட்டிப் பார்க்கிறேன். ஐந்து நிமிஷத்தில் உருண்டையானால் மேஜைக்கு வரும்.

சரி, குருவி.

உங்கள் கம்பெனியில் ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்வதற்குமுன் காஸ்டிங் ஷீட் போடுவீர்கள். நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ரிஜெக்‌ஷன், லாபம். குருவிக்கு ஏன் போடவில்லை? நான் போட்டுப் பார்க்கிறேன். நல்ல குருவி ஒன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் ஆகும். கம்பளி, உடைந்த ஊசி, டப்பா எல்லாம் சேர்த்து 60 ரூபாய் என்று வையுங்கள். 400இல் மிச்சம் 340. மணிக்கு 50 ரூபாய்கூட இல்லை. 60 குருவிக்கு 420 மணி நேரம். இந்தக் கணக்கை உங்கள் முதலாளியிடம் காட்டினால் அவர் அந்த ஆர்டரை எடுப்பாரா?

விலையை ஆயிரமாக்கு என்று சிலர் சொல்வார்கள். ஆக்கலாம், விற்கவும் விற்கும். ஆனால் ஊசியின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த முக்கோண ஊசி, ஓரத்தில் வெட்டுப் பற்களோடு இருக்கிறதே, அது முதலில் கைவினைக்கு வந்த ஊசி அல்ல. ஆலைகளில் ஆயிரக்கணக்கான ஊசிகளைப் பலகையில் பதித்து, ஒரே குத்தாகக் குத்தித் துணியாக்குகிற எந்திரத்தின் ஊசி. 1980களில் அமெரிக்காவில்தான் அதிலிருந்து ஒன்றிரண்டைப் பிடுங்கிக் கையில் பிடித்துக் குத்தத் தொடங்கினார்கள். எந்திரம் ஆயிரம் ஊசியால் செய்வதை ஒரு ஊசியால் செய்கிறோம். அதில் சுகம் உண்டு, எனக்கும் தெரியும். சம்பளம் வராது. குருவியை விடச் சொல்லவில்லை. ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி இல்லாத காலத்திலும் பறவை செய்தார்கள் என்பது வேறு கதை. சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்துப் புதைமேடுகளை 1940களின் கடைசியில் தோண்டியபோது, பனிக்கட்டிக்குள் உறைந்து கெடாமல் ஃபெல்ட் அன்னப்பறவை கிடைத்தது. ரெண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழசு. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்து வளைவு ஒன்று போதும், செய்தவர் நம்மையெல்லாம் விடக் கைகாரர் என்று தெரிந்துகொள்ள.

சாப்பிட முடியுமா என்று கேட்டீர்கள். என் கணக்குநோட்டைத் திறந்தே சொல்கிறேன். போன வருஷம் எனக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 45 வகுப்பு எடுத்ததில் வந்தது. 25 வீட்டுக்குள் போடும் செருப்பிலும் ஷூவுக்குள் வைக்கும் உள்ளட்டையிலும். 20 சுவரில் மாட்டும் பெரிய வேலைகளில். வருஷத்துக்கு மூன்றோ நாலோ வரும். மிச்சம் 10 தொப்பி, டீ கெட்டில் உறை, சில்லறை. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்ததெல்லாம் அந்த 20ஐத்தான். வீட்டை நடத்துவது வகுப்பும் செருப்பும். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. செருப்பு செய்யச் செய்யத்தான் கை பழகுகிறது, சுவரில் மாட்டுவது அந்தப் பழக்கத்தில் வருகிறது.

பள்ளிக்கூட வேலையை நான் 2012இல் விட்டேன். வயது 51. முதல் பை தைத்ததற்கும் வேலையை விட்டதற்கும் நடுவில் 11 வருடம். அந்த 11 வருடமும் மாதச் சம்பளம்தான் என் கம்பளிக்குக் காசு கொடுத்தது, கெடுத்ததற்கும் காசு கொடுத்தது. விட்டது எப்போது என்றால், தொடர்ந்து இரண்டு வருடம் ஃபெல்ட் வருமானம் சம்பளத்தில் பாதியைத் தாண்டியபிறகு. அதற்கு முன்னால் விட்டிருந்தால் பயத்தில் கிடைத்த ஆர்டரையெல்லாம் ஒத்துக்கொண்டு, செல்போன் உறை செய்தே தீர்ந்துபோயிருப்பேன். ஆகவே சித்திரையில் ராஜினாமா வேண்டாம். அடுத்த சித்திரையிலும் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2016இல் கிர்கிஸ்தானுக்கு ஒருமுறை போய்வந்தேன். பத்து நாள். பிஷ்கெக்கிலிருந்து மலைப்பாதையில் கோச்கோர் என்ற ஊர். அங்கே பெண்கள் ஷிர்தாக் என்ற விரிப்பைச் செய்வதைப் பார்க்கத்தான் போனேன். அதை உங்களிடம் அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கட்டிங் மாஸ்டர் மகள்.

இரண்டு நிறத்தில் ஃபெல்ட் எடுத்துக்கொள்கிறார்கள், சிவப்பும் கறுப்பும் என்று வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றைப் போட்டு, சுண்ணாம்புக் கோட்டில் ஆட்டுக்கொம்பு வளைவை வரைந்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. பிறகு சிவப்பில் வெட்டிய கொம்பு கறுப்பின் ஓட்டைக்குள் போய் உட்காருகிறது, கறுப்புக் கொம்பு சிவப்பின் ஓட்டைக்குள். ஒரு வெட்டில் இரண்டு விரிப்பு. ஒன்றில் பூவாக இருப்பது மற்றதில் தரை. கீழே விழும் துண்டு என்று எதுவுமே இல்லை. கட்டிங் வேஸ்ட் பூஜ்ஜியம்! இணைப்பு தெரியாமலிருக்க முறுக்கிய கம்பளிக் கயிற்றை அதன்மேல் வைத்துத் தைத்து, அடியில் இன்னொரு ஃபெல்ட் வைத்து முழுக்கக் கையால் குத்துத் தையல் போடுகிறார்கள். ஒரு விரிப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். பல தலைமுறை உழைக்கும் என்பார்கள். நான் உட்கார்ந்த ஒன்று, அந்த வீட்டுப் பாட்டியின் சீதனமாக வந்தது.

அங்கே யாரும் தனியாகச் செய்வதில்லை. கம்பளியைக் கம்பால் அடித்துப் பஞ்சாக்குவதிலிருந்து, பாயில் சுருட்டி உருட்டுவதுவரை நாலைந்து பேர், பேச்சும் டீயுமாக. நான் கொடைக்கானலில் தனி ஆளாக இதைச் செய்கிறேன் என்றதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. எனக்கு ஏதோ குடும்பத்தில் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பக்கத்துத் தெருவில் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். என் வருமானம் நிலைத்தது அதற்கப்புறம்தான். ஷிர்தாக்கையும், வண்ணக் கம்பளியைப் பரப்பி உருட்டும் அலாகியிஸையும் யுனெஸ்கோ 2012இல் உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. செய்யத் தெரிந்தவர்கள் வயதானவர்கள், விலை மலிந்த எந்திரக் கம்பளம் வந்துவிட்டது, நல்ல கம்பளி கிடைப்பதும் குறைந்துவிட்டது. காரணமெல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்.

வயதைப் பற்றி. மேரி பர்கெட் என்று ஓர் அம்மாள், இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் அபட் ஹால் கலைக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். 1960களில் துருக்கியிலும் ஈரானிலும் சுற்றியபோது ஃபெல்ட் செய்கிறவர்களைப் பார்த்துவிட்டு அதன் பின்னாலேயே போனார். 1979இல் ஃபெல்ட்டுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார். அப்போது அவருக்கு 50 தாண்டிவிட்டது. அதைப் பார்த்துக் கிளம்பியவர்கள் பலர். ஐந்து வருடத்தில் ஃபெல்ட் செய்கிறவர்களுக்கு அங்கே ஒரு சங்கமே வந்துவிட்டது. கையால் ஃபெல்ட் செய்து இன்று அங்கே பிழைக்கிறவர்கள் பலர் தங்கள் கதையை அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். அவர் பிறவி ஃபெல்ட்காரர் இல்லை, படம் மாட்டுகிற உத்தியோகத்தில் இருந்தவர்.

இன்னொருவர் உங்களுக்கு இன்னும் நெருக்கம். ஸ்ரீநகரின் ஆரிஃபா ஜான். நலிந்துபோன நம்தாவைத் தூக்கி நிறுத்தியதற்காக 2020 மகளிர் தினத்தில் நாரி சக்தி விருது வாங்கினார். அவர் படித்தது கைவினை மேலாண்மை. நம்தா செய்யும் குடும்பங்களுக்குத் தெரியாததை அவர் கொண்டுவந்தார்: எந்தக் கம்பளி, என்ன தரம், என்ன நிறம் விற்கும், செய்கிறவருக்கு எவ்வளவு கூலி. அதாவது மெர்ச்சன்டைசர் வேலை. நீங்கள் ராஜினாமா செய்ய நினைக்கிற அதே வேலை.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. ஐப்பசி மழையில் ஈரக் கம்பளி நாலுநாள் காயாது, அறையெல்லாம் ஈர ஆட்டு வாசனை, விரல்நுனியில் சோப்பு வெடிப்பு. முன்காலத்துத் தொப்பிக்காரர்களை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்வேன். முயல் ரோமம் சீக்கிரம் ஃபெல்ட் ஆகப் பாதரசக் கலவையைத் தடவி, அந்த ஆவியில் கைகால் உதறி, புத்தி பேதலித்துப் போனார்கள். அமெரிக்கத் தொப்பி ஆலைகளில் அதை நிறுத்தவே 1941 ஆனது. நமக்கு வெறும் காதி சோப்பு. இருந்தாலும் மணிக்கொருமுறை எழுந்து கையை நீட்டுங்கள். ஊசியை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், உடைந்த நுனி தெறிக்கும். தூக்கக் கலக்கத்தில் குத்தவே குத்தாதீர்கள். ராத்திரி பதினொன்றுக்குப் பிறகு செய்த குருவியையெல்லாம் எடுத்துப் பாருங்கள், ஒரு கண் மேலே ஒரு கண் கீழே இருக்கும்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். அவர் கேட்டது நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். திருப்பூரில் திருப்பூருக்காகக் கம்பளி விற்க முடியாதுதான். ஆனால் திருப்பூரில் தைக்கிற துணியில் எவ்வளவு திருப்பூரிலேயே விற்கிறது? அதை அவரிடமே கேளுங்கள். இன்னொன்று, கம்பளி சூட்டைக் கொடுப்பதில்லை, தடுக்கிறது. ஆடு மேய்க்கிறவர் தோளில் மழைக்கும் வெயிலுக்கும் அதே கம்பளிதான் கிடக்கும். கிர்கிஸ் கிழவர்கள் நடுக்கோடையில் வெள்ளை ஃபெல்ட் தொப்பியோடு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

வெயில் ஊருக்கென்றே வந்த ஒரு முறையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பாலி ஸ்டர்லிங் என்பவரும், சச்சிகோ கொட்டாக்கா என்ற ஜப்பானியப் பெண்ணும் செய்துபார்த்தது. சூடான ஊரில் போடும்படி மெல்லிய ஃபெல்ட் வேண்டும் என்று தேடி, சல்லாத் துணியின்மேல் கம்பளியை மிக மெலிதாகப் பரப்பித் தேய்த்தார்கள். இழைகள் துணியின் கண்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்து பிடித்துக்கொண்டன. கம்பளி சுருங்கும்போது துணி சுருங்க முடியாமல் அலை அலையாகப் புடைத்துக்கொள்கிறது. நூனோ ஃபெல்ட் என்று பெயர். நூனோ என்றால் ஜப்பானிய மொழியில் துணி. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு வேண்டியது கண் விட்ட மெல்லிய பருத்தி. நான் இங்கே ஒரு நல்ல மல் துணிக்கு நாலு கடை ஏறி இறங்குகிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பருத்திதான்.

கம்பளிக்கு வடக்கே எழுதிப்போட வேண்டும் என்ற அவசியமும் முழுதாக இல்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. தலைமையிடம் ராஜஸ்தானில், நம்தாவுக்குப் பேர்போன டோங்க் மாவட்டத்து அவிகாநகரில். மன்னவனூரில் பாரத் மெரினோ என்ற, மென்மையான கம்பளி தரும் ஆடுகளை வளர்க்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் ஆட்டோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கம்பளியைக் கேட்டு விசாரிக்கிறவர்கள் குறைவு. நீங்கள் வந்தால் அழைத்துப்போகிறேன்.

வருவதற்குமுன் ஒரு வேலை. நாலு ரகக் கம்பளி வாங்குங்கள், ரகத்துக்கு 100 கிராம் போதும். மெரினோ ஒன்று, பிகானேர்ப் பக்கத்துக் கம்பளி ஒன்று, மற்ற இரண்டும் உங்கள் இஷ்டம். ஒவ்வொன்றிலும் 30 செ.மீ. சதுரம், குறுக்கும் நெடுக்குமாக நாலு படலம். கொசுவலையைப் போட்டு மூடி, வெந்நீர், சோப்பு, கோரைப்பாயில் சுருட்டி ஒரு பக்கத்துக்கு 200 உருட்டு, நாலு பக்கமும். காய்ந்தபிறகு நீளம், அகலம், எடை. ஜிஎஸ்எம் கட்டர் உங்களிடம் இருக்கும், அதையும் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் உங்கள் ஆபீஸ் பாணியில் ஒரு ஷீட்டில் எழுதி, சதுரங்களோடு தபாலில் அனுப்புங்கள். கோணலாக வந்ததையும் அனுப்புங்கள். குருவி அனுப்ப வேண்டாம்.

கூடவே உங்கள் வீட்டுக்காரரின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். செருப்பு நம்பர் போதாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளட்டை ஒரு ஜோடி செய்து அனுப்புகிறேன். வைகாசி வெயிலில் ஷூவுக்குள் போட்டு ஒரு வாரம் நடந்து பார்க்கட்டும்.